கேம்பர்வேனில் கழிவுநீர் நாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை வந்தால் போதும், கோலாலம்பூரிலிருந்து உலு லங்காட், உலு யாம் பக்கமும், பினாங்கில் தெலுக் பஹாங், பாலிக் புலாவ் பக்கமும் கேம்பர்வேன்கள் கிளம்பிவிடுகின்றன. சொந்த வண்டியோ வாடகை வண்டியோ, இரண்டாவது நாள் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "இதுக்கு என்ன ஊத்தணும்?" ஊற்றுவது பிறகு. நாற்றம் என்பது தொட்டிக் காற்று வண்டிக்குள் வருவது. எந்த வழியாக வருகிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்த வழியை அடைக்கப் பெரிய செலவாகாது.

கீழே வரும் பதில்களில் கழிவறைத் தொட்டி என்றால் மலமும் சிறுநீரும் சேரும் தொட்டி. சாம்பல் தொட்டி என்றால் சிங்க், குளியல் நீர் சேரும் தொட்டி. நல்ல தண்ணீர்த் தொட்டி தனி.

அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. கழிவுநீர்தானே?

அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். ஒரு கேம்பர்வேனுக்குள் ஏறக்குறைய ஒரே மாதிரி நாறக்கூடியவை மூன்று இருக்கின்றன.

முதலாவது சமையல் எரிவாயு. எல்பிஜிக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிவு தெரியட்டும் என்றுதான் நாறும் மருந்தைக் கலக்கிறார்கள். அது காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். சந்தேகம் வந்தால் சிலிண்டரை மூடுங்கள், கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வாருங்கள். எந்த ஸ்விட்சையும் தொடக்கூடாது. நாற்றம் முழுக்கப் போனபின், வெளியிலிருந்தபடியே சிலிண்டர் இணைப்பில் சோப்பு நுரை தடவி, சிலிண்டரைத் திறந்து பாருங்கள். குமிழி வந்தால் அதுதான் காரணம்.

இரண்டாவது பேட்டரி. வண்டியின் பின்கட்டில் இருக்கும் ஈய-அமில பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறும். சாக்கடையில் வருவதும் அதே வாயுதான். கழிவறையைத் தேய்த்துத் தேய்த்துக் களைத்தவர்கள் பலர், கடைசியில் குற்றவாளி படுக்கைக்கு அடியில் கொதித்துக்கொண்டிருந்த பேட்டரி. பெட்டியின் மேல் கையை வைத்தால் சுடும், பக்கவாட்டில் உப்பியிருக்கும். சார்ஜரை நிறுத்துங்கள், காற்றோட்டம் கொடுங்கள், பேட்டரியை மாற்றாமல் மறுபடி சார்ஜ் போடாதீர்கள்.

இரண்டும் இல்லையென்றால்தான் கழிவுநீர்.

எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூக்கை நம்ப முடியாது, ஐந்து நிமிடத்தில் அது பழகிவிடும். இப்படிச் செய்யுங்கள். சிங்க் ஓட்டை, குளியல் ஓட்டை, வாஷ்பேசின் ஓட்டை எல்லாவற்றையும் உணவு மூடும் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். கழிவறை மூடியையும் மூடுங்கள். வண்டியை வெயிலில் ஒரு மணி நேரம் பூட்டி வைத்துவிட்டு வெளியே காற்று வாங்கிய மூக்கோடு உள்ளே ஏறுங்கள். நாற்றம் இல்லையென்றால் ஏதோ ஓர் ஓட்டைதான் காரணம். ஒவ்வொன்றாகத் திறந்து பதினைந்து நிமிடம் விட்டால் எது என்று தெரிந்துவிடும். பிளாஸ்டிக் தாள் லேசாக உப்பியிருந்தால் அங்கே காற்று தள்ளுகிறது என்று அர்த்தம், திறந்து பார்க்கவே தேவையில்லை.

எல்லாம் மூடியும் நாறினால் கோளாறு சுவருக்குள்ளோ தரைக்கு அடியிலோ இருக்கிறது. கழிவறையின் அடிப்பாகம், அலமாரிக்குள் போகும் வென்ட் பைப்பின் (தொட்டிக் காற்றைக் கூரை வழியே வெளியேற்றும் குழாய்) இணைப்பு இரண்டையும் பாருங்கள். மெல்லிய டிஷ்யூவை விரல் அகலத்துக்குக் கிழித்து இணைப்பருகே பிடித்தால் காற்று வரும் திசையில் ஆடும். நம் வீட்டில்தான் ஊதுபத்தி எப்போதும் இருக்கிறதே, அதன் புகையை வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். தொட்டிக் காற்றில் மீத்தேன் இருக்கிறது.

வளைந்து வளைந்து மலைப்பாதையில் ஓட்டி வந்து நிறுத்தியதும் நாறுகிறது. நின்ற இடத்தில் ஒரு நாள் இருந்தால் சரியாகிவிடுகிறது. ஏன்?

சிங்க்குக்குக் கீழே 'யு' போல வளைந்த குழாய் இருக்கிறதே, அதுதான் பி-டிராப். அந்த வளைவில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் தொட்டிக்கும் உங்கள் மூக்குக்கும் நடுவே இருக்கும் ஒரே கதவு. தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் சாலையிலோ பழைய உலு யாம் பாதையிலோ வண்டி குலுங்கும்போது அந்தத் தண்ணீர் தளும்பித் தொட்டிக்குள் விழுந்துவிடும். கதவு திறந்துகொண்டது. வந்து இறங்கிக் கை கழுவி, பாத்திரம் கழுவியதும் டிராப் மறுபடி நிறைகிறது, நாற்றம் நிற்கிறது.

இறங்கியதும் முதல் வேலையாக ஒவ்வோர் ஓட்டையிலும் ஒரு குவளை, அதாவது 250 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். குளியல் ஓட்டையை மறந்துவிடாதீர்கள். தரைக்கு அடியில் இடமில்லாததால் அங்கே வைக்கும் டிராப் மிகவும் ஆழம் குறைந்தது, முதலில் காலியாவதும் அதுதான். அடிக்கடி மலைக்குப் போகிறவர்கள் குளியல் ஓட்டைக்கு மட்டுமாவது ஹெப்வோ மாதிரியான தண்ணீர் தேவைப்படாத குழாயை மாட்டிக்கொள்ளலாம். உள்ளே சிலிக்கோன் சவ்வு இருக்கும். தண்ணீர் வந்தால் திறக்கும், இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும், குலுக்கலால் அதற்கு ஒன்றும் ஆகாது.

ஃப்ளஷ் அமுக்கும்போது மட்டும் குப்பென்று அடிக்கிறது.

கூரை விசிறி ஓடுகிறதா? ஜன்னல் எல்லாம் மூடியிருக்கிறதா? அப்படியானால் விசிறிதான் தொட்டியை உறிஞ்சுகிறது. விசிறி காற்றை வெளியே தள்ளினால் அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல் மூடியிருக்கும்போது, ஃப்ளஷ் திறக்கும் அந்த மூன்று வினாடி கழிவறை ஓட்டைதான் வண்டியின் ஜன்னல். கழிவறைக்குள் நாறுகிறது என்று விசிறியைப் போடுகிறோம், நாற்றம் கூடுகிறது. விசிறியை நிறுத்திவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். அல்லது கழிவறை ஜன்னலை நாலு விரல் திறந்து வையுங்கள்.

விசிறி இல்லாமலும் அடிக்கிறது, கூடவே 'குபுக்' என்று காற்றுக் குமிழி மேலே வருகிறது என்றால் வென்ட் பைப் அடைத்திருக்கிறது. தொட்டியின் மேலிருந்து கூரைக்குப் போகும் குழாய் இது. இங்கே வழக்கமாக அடைப்பது குளவி கட்டும் மண்கூடு, அடுத்தது காய்ந்த இலை. கூரை மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, தோட்டக் குழாயால் தண்ணீர் விட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். இன்னொரு கோளாறும் உண்டு. பழைய வண்டிகளில் இந்தக் குழாய் பிடிப்பு விட்டு வழுக்கித் தொட்டிக்குள் இறங்கி நிற்கும். தொட்டி பாதி நிறைந்ததும் குழாயின் நுனி கழிவில் மூழ்கிவிடும், காற்று போக வழியில்லை. "தொட்டி காலியாக இருந்தால் நாறுவதில்லை, நிறைய நிறையத்தான் நாறுகிறது" என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். குழாயை மேலே இழுத்துக் கூரையோரம் கவ்வி போட்டு இறுக்க வேண்டும்.

கழிவறைக் கோப்பையில் விட்ட தண்ணீர் நிற்பதே இல்லை.

கோப்பையின் அடியில் திறந்து மூடும் தகட்டைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. அதன் பள்ளத்தில் டிஷ்யூ நாரோ சுண்ணாம்புப் படிவோ சிக்கினால் தண்ணீர் ஒழுகும். தண்ணீர் ஒழுகும் வழியாகத்தான் காற்றும் மேலே வரும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீர் விட்டு அரை மணி கழித்துப் பாருங்கள். குறைந்திருந்தால் பழைய பல் துலக்கியால் பள்ளத்தைச் சுற்றித் தேய்த்துவிட்டு, சிலிக்கோன் கிரீஸ் மெல்லத் தடவுங்கள். வேசலின் வேண்டாம், சமையல் எண்ணெயும் வேண்டாம். ரப்பர் ஊதி இளகிவிடும். தேய்த்தும் நிற்காவிட்டால் சீலை மாற்றுவதுதான் வழி.

சிங்க்குக்குக் கீழே அலமாரியைத் திறந்தால்தான் நாற்றம்.

அங்கே குழாயின் தலையில் காளான் மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். காற்று வால்வு. தண்ணீர் இறங்கும்போது காற்றை உள்ளே விடும், மற்ற நேரம் மூடிக்கொள்ளும். சமையல் ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ளே படிந்து, திறந்தபடியே மாட்டிக்கொள்வது இதன் வழக்கம். கழற்றிப் பழுது பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றரை இஞ்சு மரை. பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு ஹார்ட்வேர் கடைக்குப் போனால் அளவு தப்பாது. மரையில் டெஃப்லான் டேப் நாலு சுற்று, கையால் இறுக்கினால் போதும்.

கழிவறைத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும்?

காலி செய்த உடனே அடிப்பரப்பு மூழ்கும் அளவு. தொட்டியின் அடி ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் என்றால், இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பத்து லிட்டர் வேண்டும். தண்ணீரே இல்லாமல் தொடங்கினால் முதலில் விழுவது அடியில் ஒட்டி, நம் ஊர் வெயிலில் காய்ந்து ஓடாகிவிடும். பிறகு எத்தனை மருந்து ஊற்றினாலும் மேல்தோலில் வழிந்து போகுமே தவிர உள்ளே இறங்காது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. முகாமில் சாக்கடை இணைப்பு இருக்கிறதே என்று வால்வைத் திறந்தே வைத்துவிடுகிறார்கள். தண்ணீர் எல்லாம் ஓடிப்போய்விடும், கெட்டியானது மட்டும் கழிவறைக்கு நேர் கீழே புற்று மாதிரி குவியும். அதுமட்டுமா, முகாமின் செப்டிக் தொட்டிக் காற்றும் அந்தக் குழாய் வழியே உங்களிடம் வந்து சேரும். வால்வு மூடியே இருக்கட்டும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். அந்த வேகம்தான் தொட்டியைக் கழுவுகிறது.

ஏற்கெனவே புற்று கட்டிவிட்டது என்றால், முக்கால் தொட்டி தண்ணீர், ஒரு காபிக் கோப்பை பாத்திரம் கழுவும் திரவம், கழிவைச் சிதைக்கும் என்சைம் மருந்து ஒரு வேளை அளவு. ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, பத்திருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் காலி செய்யுங்கள். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ என்பதை மறந்து மலையேறாதீர்கள். தொட்டிக்குள் ஐஸ் கட்டி போட்டு ஓட்டினால் உரசி உரசிச் சுத்தமாகும் என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. ஐஸ் மிதக்கும், அடியை உரசாது. தாப்பா தாண்டுவதற்குள் கரைந்தும் விடும்.

எங்கள் வண்டியில் கேசட் கழிவறை. ஒரே நாளில் நிறைந்துவிடுகிறது. பழுதா?

பழுதில்லை, நம் பழக்கம். கேசட் பெட்டிகள், அதாவது வெளியே இழுத்தெடுத்துக் கொட்டும் கழிவுப் பெட்டிகள், ஏறக்குறைய 17 முதல் 20 லிட்டர் பிடிக்கும். காகிதத்தால் துடைக்கிற ஊர்க்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை. நாம் கழுவுகிறவர்கள். ஸ்ப்ரே குழாயால் கழுவி ஃப்ளஷ்ஷும் அமுக்கினால் ஒரு தடவைக்கு இரண்டு லிட்டர் போய்விடும். ஒன்பது தடவையில் பெட்டி நிறைந்தது. நாலு பேர் குடும்பத்துக்கு அது ஒரு நாள்.

ஸ்ப்ரேயைக் கழற்றிவிட்டு அரை லிட்டர் போத்தல் ஒன்றைத் தண்ணீரோடு வையுங்கள், பாதியாகக் குறையும். வழியில் ஓய்வுத் தளக் கழிவறைகளைப் பயன்படுத்துங்கள். தண்ணீர் அதிகம் என்பதால் நமக்கு ஓர் ஆதாயமும் உண்டு, புற்று கட்டுவது அரிது. ஈரத் துடைப்பான் மட்டும் உள்ளே போகக்கூடாது, 'ஃப்ளஷ் செய்யலாம்' என்று பொட்டலத்தில் எழுதியிருந்தாலும். காலி செய்யும்போது காற்றுப் பொத்தானை அழுத்திக்கொண்டே கவிழ்த்தால்தான் சளக் சளக்கென்று தெறிக்காது.

எந்த மருந்து நல்லது? குளோராக்ஸ் ஊற்றலாமா?

கழிவறைத் தொட்டியில் குளோராக்ஸ் மாதிரியான வெளுப்பான் வேண்டாம். கழிவைக் கரைக்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும், ரப்பர் சீலையும் கெடுக்கும். சிறுநீரில் இருக்கும் அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சுவாயு. அமிலக் கழிவறைக் கழுவியோடு சேர்ந்தால் குளோரின். சின்ன அறைக்குள் இரண்டுமே ஆபத்து.

சந்தையில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று பாக்டீரியாவைக் கொன்று நாற்றத்தை அடக்குவது. ஃபார்மால்டிஹைடு கலந்தவை இந்த வகை, சீட்டைப் படித்தால் தெரியும். வேகமாக அடங்கும், ஆனால் முகாமின் செப்டிக் தொட்டியில் கொட்டினால் அங்குள்ள பாக்டீரியாவும் சாகும். அடுத்த முறை முகாம்காரர் வண்டியை உள்ளே விடமாட்டார், அவர் கோபம் நியாயம்தான். மற்றது என்சைம், பாக்டீரியா வகை. செப்டிக் தொட்டிக்குத் தீங்கில்லை. தண்ணீர் இருந்தால்தான் வேலை செய்யும், நேரமும் எடுக்கும். நம் வெப்பத்தில் கழிவு வேகமாக நொதிக்கும் என்பதால், எந்த மருந்தாக இருந்தாலும் மூன்று நாளுக்கு மேல் தேக்கி வைக்காதீர்கள். பூவாசனை மருந்துகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மல்லிகையும் சாக்கடையும் சேர்ந்து அடிக்கும், அவ்வளவுதான்.

கழிவறை பளிச்சென்று இருக்கிறது. ஆனாலும் நாறுகிறது.

சாம்பல் தொட்டி. நம் சமையலில் பாதி வண்டிகளின் உண்மையான நாற்றம் இதுதான், யாரும் சந்தேகப்படுவதில்லை. மீன் கழுவிய நீர், சாம்பாரின் அடிப்பருப்பு, தேங்காய்ப்பால், கறிக்குழம்பின் எண்ணெய் எல்லாம் போய்ச் சேர்வது அங்கேதான். கழிவறைத் தொட்டிக்கு மருந்து ஊற்றுகிறவர்கள் இதற்கு ஒன்றும் ஊற்றுவதில்லை. மூன்றாம் நாள் செத்த எலி மாதிரி அடிக்கும்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். பினாங்குக் கடற்கரையில் திரவமாக ஓடியது கேமரன் மலை இரவில் குழாய்ச் சுவரில் வெள்ளையாக ஒட்டிக்கொள்கிறது. அடுத்தடுத்து ஒவ்வொரு பயணமும் ஒரு பூச்சு பூசும். அந்தக் கொழுப்பு மக்கும்போதுதான் புளித்த நாற்றம்.

கழுவுவதற்கு முன்பே தட்டையும் சட்டியையும் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். இதை ஒழுங்காகச் செய்தால் மற்ற எதுவும் பெரிதாகத் தேவைப்படாது. சிங்க் ஓட்டையில் நுண்ணிய வடிகட்டி போடுங்கள். சோறு உள்ளே போகக்கூடாது. மீனை வெளியே வாளியில் கழுவுங்கள். படிந்துவிட்ட கொழுப்புக்கு, தொட்டியைக் காலி செய்தபின் கை பொறுக்கும் சூட்டில் இருபது லிட்டர் தண்ணீரோடு ஒரு காபிக் கோப்பை பாத்திரத் திரவம் விட்டு ஓட்டிவிட்டு வெளியேற்றுங்கள். கொதிநீர் வேண்டாம், பிவிசி குழாய் இளகும். சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்து ஊற்றுவது கண்ணுக்கு நுரை காட்டும் வித்தை. ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது உப்புத் தண்ணீர்.

எங்கே கொட்டுவது?

அமெரிக்காவில் போல வழிநெடுகக் கழிவு கொட்டும் நிலையம் இங்கே கிடையாது. இடம் பதிவு செய்யும்போதே முகாம்காரரிடம் கேளுங்கள்: கழிவறை செப்டிக் தொட்டிக்குப் போகிறதா, அதில் கொட்ட விடுவார்களா, எத்தனை லிட்டர்? கேசட் என்றால் சாதாரணக் கழிவறைக் கோப்பையில் மெதுவாகக் கவிழ்த்து நீர் விட்டால் போதும். வீட்டுக்குத் திரும்பிக் கொண்டுவந்து வீட்டுக் கழிவறையில் கொட்டுவதும் சரியான வழிதான். தாமான் (குடியிருப்புப் பகுதி) சாலையில் இருக்கும் சாக்கடை மூடியை நெம்பித் திறக்காதீர்கள். அது உங்களுடையதல்ல, உள்ளே தேங்கியிருக்கும் வாயு ஆளைச் சாய்க்கும்.

லோங்காங்கில், அதாவது சாலையோர மழைநீர்க் கால்வாயில், கொட்டவே கூடாது. மழைநீர்க் கால்வாய் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேரே ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. சுங்கை லங்காட் குடிநீர் நிலையங்களுக்குத் தண்ணீர் தரும் ஆறு. 2020 செப்டம்பரில் தொழிற்சாலைக் கழிவின் நாற்றத்தால் சுங்கை சிலாங்கூரில் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்று, கிள்ளான் பள்ளத்தாக்கு வெறும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கும்.

கொட்டும் வரிசை: கையுறை, முதலில் கழிவறைத் தொட்டி, அது முழுக்க இறங்கியதும் மூடிவிட்டுச் சாம்பல் தொட்டி. சோப்பு நீர் பின்னால் வந்தால் குழாயையும் கழுவிவிடும். மாற்றிச் செய்தால் மலம் குழாயிலேயே தங்கி, அந்தக் குழாயை வைத்திருக்கும் பெட்டி நாறும். கழிவுக் குழாயைக் கழுவும் ரப்பர் குழாயும், நல்ல தண்ணீர் நிரப்பும் குழாயும் வேறு வேறு நிறத்தில் இருக்கட்டும்.

குழாயைத் திறந்தால் தண்ணீரே நாறுகிறது.

சுடுநீரில் மட்டும் என்றால் ஹீட்டர் தொட்டிக்குள் பாக்டீரியா. வடித்துவிட்டுக் கழுவுங்கள். இரண்டிலும் என்றால் நல்ல தண்ணீர்த் தொட்டி. குளோராக்ஸுக்கு வேலை இங்கேதான். வாசனை சேர்க்காத சாதாரண வகை, நூறு லிட்டருக்கு நூறு மில்லிலிட்டர். வடிகட்டியைக் கழற்றிவிட்டு, தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாசனை வரும்வரை திறந்து மூடுங்கள். நாலு மணி நேரம் கழித்து முழுக்க வடித்து, வாசனை போகும்வரை இரண்டு மூன்று முறை நல்ல நீரால் கழுவுங்கள்.

மாதக்கணக்கில் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு?

பூட்டிய வண்டி வெயிலில் அடுப்பு மாதிரி கொதிக்கும், டிராப் தண்ணீர் வற்றிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வோர் ஓட்டையிலும் ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். அதற்கு நேரமில்லையென்றால் நீரின் மேல் இரண்டு தேக்கரண்டி பேபி ஆயில் விடுங்கள், அது வற்றுவதைத் தாமதப்படுத்தும். சமையல் எண்ணெய் சிக்கெடுத்து அதுவே நாறும்.

கழிவறைக் கோப்பையில் தண்ணீர் விட்டால் மூடியை இறுக மூடுங்கள். வண்டிக்கு அடியில் சொட்டுக்கு வைத்த வாளியை எடுத்துவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழெட்டு நாள் போதும், சுகாதார அதிகாரி வந்து புழுவைக் கண்டால் அபராதம் வீட்டுக்காரருக்குத்தான். கூரை வென்ட் வாயில் கொசுவலை கட்டுகிறவர்கள் மாதம் ஒரு முறை அதன் தூசியைத் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வலையே அடைப்பாகிவிடும்.

இந்த நாற்றம் உடலுக்குக் கெடுதலா?

லேசாக அடிப்பது தலைவலி, குமட்டலோடு போகும். ஹைட்ரஜன் சல்பைடு மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரியும். ஆனால் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவில் மூக்கு மரத்துப்போகும், அதற்கு மேல் நாற்றமே தெரியாது. கடுமையாக நாறி, எதையும் செய்யாமல் திடீரென்று நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைத்து உள்ளே படுக்காதீர்கள். வெளியே வாருங்கள், குழந்தைகளை முதலில்.

வாடகை வண்டி எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

காலையில், கதவு திறந்து ஒரு மணி நேரம் ஆகாத வண்டியாகக் கேளுங்கள். முதல் மூச்சிலேயே பாதி தெரியும். கோப்பையில் நீர் விட்டு, காகித வேலை முடித்துத் திரும்பி வந்து நிற்கிறதா பாருங்கள். சிங்க்குக்குக் கீழே திறந்து முகர்ந்து பாருங்கள். தொட்டி அளவு காட்டும் விளக்கு காலியான தொட்டியிலும் 'நிறைவு' என்று எரிந்தால் உள்ளே உணரி மேல் அழுக்கு படிந்திருக்கிறது, ஊறவைத்துக் கழுவாத வண்டி. கேசட் என்றால் பெட்டியை வெளியே இழுக்கச் சொல்லுங்கள். சீல் காய்ந்து வெடித்திருந்தால் வேறு வண்டி கேளுங்கள்.